சிறந்த நடைமுறைகளைக் கற்றல்: நேர்வாய்வுகளின் பயனும் எல்லையும் – மருங்காபுரி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓரிடத்தில் வெற்றி பெற்ற நடைமுறையை மற்றோரிடத்தில் பின்பற்றுவதற்கு நேர்வாய்வுகள் பெரிதும் துணைபுரிகின்றன. எனினும், நடைமுறையின் புறவடிவம் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, அது செயற்படுவதற்குக் காரணமான சூழலும் பொறிமுறையும் விடுபடும்போது அந்தப் பின்பற்றல் பயன் தருவதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், திருச்சிராப்பள்ளி வட்டாரத் துப்புரவு முயற்சிகள் ஆகிய மூன்று நேர்வுகளை ஒப்பிட்டு, அவற்றிலிருந்து எதனைக் கற்கலாம், எதனை அப்படியே எடுத்துச் செல்ல இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. வறண்ட நிலப்பகுதியான மருங்காபுரி வட்டாரம் இவ்வொப்பீட்டிற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நேர்வாய்வு, சிறந்த நடைமுறை, பொறிமுறை, பொருத்தப்பாடு, பொதுத்துறை மேலாண்மை, மருங்காபுரி.

முன்னுரை

தொழில் நிறுவனங்களிலும் அரசுத் துறைகளிலும் புதிய திட்டம் ஒன்று தொடங்கப்பெறும்போது, வேறோரிடத்தில் வெற்றி பெற்ற நடைமுறை ஒன்று அதற்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுவது வழக்கம். அலுவலர்கள் அவ்விடத்தைப் பார்வையிடுகின்றனர், அறிக்கை எழுதுகின்றனர், பின்னர் அந்நடைமுறை அரசாணையாகவோ நிறுவனச் சுற்றறிக்கையாகவோ வெளியாகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அது ஓரிடத்தில் வேரூன்றியிருக்கிறது. மற்றோரிடத்தில் பெயர்ப்பலகையாக மட்டும் எஞ்சியிருக்கிறது. இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினாவாகும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்பகுதியில், மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களின் எல்லையை ஒட்டி அமைந்தது மருங்காபுரி. முன்னாளில் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கிய இவ்வூர், இன்று ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் பெயராகவும் வட்டம் ஒன்றின் பெயராகவும் வழங்குகிறது. காவிரிப் பாசனம் எட்டாத இம்மேட்டு நிலத்தில் வேளாண்மை மழையையும் குளங்களையும் கிணறுகளையும் நம்பியே நடைபெறுகிறது. ஒரே மாவட்டத்திற்குள் ஆற்றங்கரை ஊர்களும் மாநகரமும் இத்தகைய வறண்ட சிற்றூர்களும் அமைந்திருப்பதால், ஓரிடத்து நடைமுறை மற்றோரிடத்திற்குப் பொருந்துமா என்னும் வினா இங்கு ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. பொருந்தாத நடைமுறை புகுத்தப்படும்போது அதன் இழப்பைச் சுமப்பவர் அறிக்கை எழுதியவர் அல்லர். மருந்து கிடைக்காமல் திரும்பும் நோயாளியும், பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைக் கடந்து இருளில் வெளியே செல்லும் பெண்ணுமே அதனைச் சுமக்கின்றனர்.

நேர்வாய்வு – ஒரு விளக்கம்

ஒரு நிறுவனத்தையோ திட்டத்தையோ அதன் சூழலிலிருந்து பிரிக்காமல், பல்வகைச் சான்றுகளைக் கொண்டு ஆழ்ந்து ஆராயும் முறையே நேர்வாய்வு எனப்படுகிறது. மேலாண்மைக் கல்வியில் இம்முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக வழக்கில் உள்ளது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் முதல் நேர்வு 1921-ஆம் ஆண்டில் எழுதப்பெற்றது. சமூக அறிவியல்களில் இதற்குரிய முறையியலை ராபர்ட் யின் 1984-இல் வெளியிட்ட நூலில் தொகுத்துரைத்தார். ஒரு நேர்விலிருந்து பொதுமைப்படுத்த இயலாது என்னும் குற்றச்சாட்டிற்கு அவர் தந்த விடை இன்றும் குறிப்பிடத்தக்கது. நேர்வாய்வு எண்ணிக்கையைக் கொண்டு பொதுமை காண்பதன்று. கோட்பாட்டைக் கொண்டு பொதுமை காண்பது. அதாவது, ஒரு மருத்துவமனை வெற்றி பெற்றமையால் எல்லா மருத்துவமனைகளும் அவ்வாறே வெற்றி பெறும் என்று முடிவு கட்ட இயலாது. அது எந்தக் காரண காரியத் தொடர்பினால் வெற்றி பெற்றது என்பதைக் கண்டறிந்து, அத்தொடர்பு வேறிடங்களில் நிலவுமா என்று ஆராய்ந்து பார்க்கலாம்.

தொழில் உலகில் ஒரு துறை மற்றொரு துறையிடமிருந்து கற்ற வரலாறும் இதனையே உணர்த்துகிறது. டொயோட்டா நிறுவனத்தின் தையிச்சி ஓனோ, உதிரிப்பாகங்களை வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவில் மட்டும் தருவிக்கும் முறைக்கான எண்ணத்தை அமெரிக்கப் பேரங்காடிகளிலிருந்து பெற்றார். அலமாரியிலிருந்து வாடிக்கையாளர் எடுத்த அளவிற்கே அங்குப் பொருள் மீண்டும் நிரப்பப்படுகிறது. ஜெராக்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் தன் பண்டகசாலைப் பணியைச் செம்மைப்படுத்த, அஞ்சல்வழியில் ஆடை முதலியன விற்கும் எல்.எல்.பீன் நிறுவனத்தை ஆராய்ந்தது. கார் தொழிற்சாலைக்கும் பேரங்காடிக்கும், நகலெடுக்கும் இயந்திரத்திற்கும் ஆடைக்கும் புறவடிவில் ஒப்புமை இல்லை. வடிவம் வேறாக இருந்தமையால் கற்பவர் அதனைப் படியெடுக்க வழியின்றிப் பொறிமுறையை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டியவராயினர்.

முதல் நேர்வு: அரவிந்த் கண் மருத்துவமனை

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளுடன் இம்மருத்துவமனையைத் தொடங்கினார். அறக்கட்டளை ஒன்றின் கீழ் இயங்கினும், தொழில் நிறுவனங்களுக்குரிய செயல்திறனுடன் நடைபெறுவதால் வணிகவியலாரின் கவனத்தை இது ஈர்த்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-இல் இம்மருத்துவமனை குறித்து எழுதிய நேர்வு, உலகின் பல பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று.

பார்வையாளர் கண்ணில் முதலில் படுவது அறுவை அரங்கம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள்; ஒன்றில் அறுவை நடைபெறும்போதே மற்றொன்றில் அடுத்த நோயாளி அணியமாக்கப்படுகிறார். மருத்துவர் அறுவைக்கு மட்டுமே நேரம் செலவிடுகிறார். ஏனைய பணிகளைச் சிற்றூர்களிலிருந்து தெரிவு செய்யப்பெற்றுப் பயிற்சி அளிக்கப்பெற்ற பெண் பணியாளர்கள் மேற்கொள்கின்றனர். ஆயின், இரண்டு மேசைகளை இடுவதால் மட்டும் இம்முறை இயங்காது. நாள்தோறும் போதிய நோயாளிகள் வரவேண்டும். அதற்கு ஊர்தோறும் கண் பரிசோதனை முகாம்கள் வேண்டும். கட்டணம் செலுத்துவோரின் வருவாய் கட்டணமில்லா நோயாளிகளின் செலவைத் தாங்க வேண்டும்; அதற்குக் கட்டண நோயாளிகள் நாடிவரும் தரம் வேண்டும். இறக்குமதி செய்யப்பெற்ற உள்விழி வில்லை ஏழை நோயாளிகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. அதனை மலிவாகத் தயாரிக்கவே 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பெற்றது. இவ்வாறு ஒவ்வோர் உறுப்பும் மற்றோர் உறுப்பைத் தாங்கி நிற்கிறது. ஒன்றைப் பிரித்தெடுத்தால் ஏனையவை தளர்ந்துவிடும்.

இந்நிறுவனம் தன் நடைமுறையைப் பிறருக்குக் கற்பித்த முறையும் ஆராயத்தக்கது. 1992-இல் நிறுவப்பெற்ற லைகோ என்னும் அதன் பயிற்சி நிறுவனம் 300-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளுடன் இணைந்து பணியாற்றியுள்ளது. அது கையேட்டை அனுப்பி வைப்பதோடு நின்றுவிடுவதில்லை. முதலில் கற்க விரும்பும் மருத்துவமனையின் தேவையை ஆராய்கிறது. பின்னர் அங்கிருந்து மருத்துவர், செவிலியர், நிர்வாகி ஆகியோரை ஒரு குழுவாக மதுரைக்கு வரவழைத்து, அவர்களே தம் திட்டத்தை வகுக்கச் செய்கிறது. தலைவர் மட்டும் பார்த்துச் சென்றால் வடிவமே பரவும். வேலை செய்வோர் ஒன்றாகக் கற்றால்தான் பொறிமுறை பரவும் என்னும் புரிதல் இதில் அடங்கியுள்ளது.

இந்நேர்வின் மிகச் சிறந்த பாடம், தன் குறையைத் தானே அளந்ததாகும். முகாம்கள் நடைபெற்ற ஊர்களில் நிகழ்த்தப்பெற்று 1999-இல் வெளியான ஆய்வொன்று, கண் குறையுடையோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமிற்கு வந்தனர் எனக் காட்டியது. உலகமே பாராட்டிய முகாம் முறை, தேவையுடையோரில் பெரும்பாலாரை எட்டவில்லை. சிற்றூர்களுக்கு அருகில் நிலையாக இயங்கி, தொலைமருத்துவ வசதியால் மருத்துவருடன் இணைக்கப்பெறும் பார்வை மையங்கள் 2004 முதல் அமைக்கப்பெற்றதற்கு இவ்வறிதல் அடிகோலியது. முகாமை மட்டும் பார்த்துப் படியெடுத்தவர்கள், மூலநிறுவனமே கடந்து சென்றுவிட்ட ஒரு நிலையில் தங்கிவிடுகின்றனர்.

இரண்டாம் நேர்வு: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்

அரசு மருத்துவ நிலையங்களுக்கு வேண்டிய மருந்துகளை வாங்கி வழங்க, 1994-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாடு அரசு இக்கழகத்தை நிறுவியது. கழகம் அரசுக்கு உரிமையானது. ஆயினும் நிறுமச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றது. தரம் குன்றிய மருந்து, காலந்தாழ்ந்த வழங்கல், ஓரிடத்தில் தேங்கலும் மற்றோரிடத்தில் தட்டுப்பாடும் என்னும் நீண்டகாலக் குறைகளுக்குத் தீர்வாக இது வகுக்கப்பெற்றது.

இதன் பொறிமுறை நான்கு கூறுகளைக் கொண்டது. முதலாவது, இன்றியமையா மருந்துகளின் பட்டியல். வணிகப் பெயர்களுக்கு மாறாக மூலப்பெயரால் மருந்துகள் வாங்கப்படுகின்றன. இரண்டாவது, தொழில்நுட்பத் தகுதியும் விலையும் தனித்தனியே ஆராயப்படும் இரு உறை ஒப்பந்தப்புள்ளி முறை. மூன்றாவது, தரச்சோதனை, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் எடுக்கப்பெறும் மாதிரி, தயாரிப்பாளர் பெயர் மறைக்கப்பெற்றுக் குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகிறது. யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பதை ஆய்வகம் அறிவதில்லை. நான்காவது, கணக்குப் புத்தக முறை. ஒவ்வொரு மருத்துவ நிலையத்திற்கும் ஆண்டு ஒதுக்கீடு பண மதிப்பில் குறிக்கப்பெற்ற புத்தகம் ஒன்று வழங்கப்படுகிறது. மாவட்டக் கிடங்கிலிருந்து தனக்கு வேண்டிய மருந்தை நிலையமே கேட்டுப் பெறுகிறது. எதிர்பாராத் தேவைக்கென ஒதுக்கீட்டில் ஒரு சிறு பகுதி உள்ளூர்க் கொள்முதலுக்கு விடப்படுகிறது.

நான்காம் கூறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. மேலிருந்து அனுப்பப்படும் மருந்து என்னும் நிலை மாறி, கீழிருந்து கேட்டுப் பெறும் மருந்து என்னும் நிலை இதனால் உருவாகிறது. காய்ச்சல் மிகுந்த பகுதியும் பாம்புக்கடி மிகுந்த பகுதியும் ஒரே பெட்டியைப் பெறுவதில்லை. அலமாரியில் குறைந்ததை மட்டும் நிரப்பும் பேரங்காடியின் நெறியும் இந்நெறியும் அடிப்படையில் ஒன்றே என்பது எண்ணத்தக்கது. தனியார் தொழிலுக்கும் அரசுப் பணிக்கும் இடையே எல்லை இருப்பினும், இரண்டிலும் பயன்படுவோரின் தேவை தகவலாக மாறி வழங்குவோரைச் சென்றடையும் வழியே வெற்றிக்கு அடிப்படையாகிறது.

கேரளம் 2007-இலும், இராசத்தான் 2011-இலும் இதனை ஒத்த கழகங்களை அமைத்தன. இராசத்தானில் அது 2011 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற விலையில்லா மருந்துத் திட்டத்தோடு பிணைக்கப்பெற்றது. கையிருப்பைக் கண்காணிக்க இ-ஔஷதி என்னும் கணினி மென்பொருளும் பயன்படுத்தப்பெற்றது. தமிழகத்தின் முறையை முன்மாதிரியாகக் கொண்டும், தன் மாநிலச் சூழலுக்கேற்ற கருவிகளை அது தேடிக்கொண்டது. இதனைப் படியெடுத்தல் என்பதைவிடப் பாடம் பெறுதல் என்பதே பொருந்தும். கழகம் என்னும் பெயரும் கிடங்கு என்னும் கட்டடமும் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, மறைகுறியீட்டுச் சோதனையும் வழங்குநர்க்கு உரிய காலத்தில் பணம் செலுத்துதலும் விடுபட்டால், பழைய குறைகள் புதிய கட்டடத்திற்குள் குடிபுகும்.

மூன்றாம் நேர்வு: திருச்சிராப்பள்ளி வட்டாரத் துப்புரவு முயற்சிகள்

திருச்சிராப்பள்ளி மாநகரின் குடிசைப் பகுதிகளில், கிராமாலயா முதலான தொண்டு நிறுவனங்களின் துணையுடன் மகளிர் குழுக்கள் பொதுக் கழிப்பறைகளை நடத்தத் தொடங்கின. 1987-இல் தொடங்கப்பெற்ற கிராமாலயாவின் நிறுவனர் சா. தாமோதரன் 2022-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2002-இல் இந்நகரின் கல்மந்தை, திறந்தவெளி மலங்கழித்தல் அற்ற குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பெற்றது. கழிப்பறையைப் பயன்படுத்துவோர் சிறு கட்டணம் செலுத்தினர். மகளிர் குழுவினர் அதனை வசூலித்துக் கணக்கெழுதித் தூய்மைப் பணிக்கும் பராமரிப்பிற்கும் செலவிட்டனர். கழிப்பறை தூய்மையாக இல்லாவிடில் கட்டணம் வராது; கட்டணம் வராவிடில் குழு நடவாது. பராமரிப்பவரே பயன்படுத்துவோராகவும் இருந்தமை இதன் பொறிமுறையாகும்.

அதே மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள முசிறியில் வேறொரு சிக்கல் எழுந்தது. நிலத்தடி நீர்மட்டம் மிக உயர்ந்திருந்ததால், குழிக் கழிப்பறைகள் நீர் நிறைந்து கிணறுகளை மாசுபடுத்தின. சுகோப் என்னும் தொண்டு நிறுவனம் மலத்தையும் சிறுநீரையும் பிரித்துச் சேகரித்து உரமாக்கும் சூழல்சார் கழிப்பறைகளை அங்கு அறிமுகப்படுத்தியது. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோர்க்குச் சிறு தொகை வழங்கப்பெற்ற செய்தி பலரை வியப்பில் ஆழ்த்தியது. இந்நிறுவனத்தின் மாராச்சி சுப்புராமன் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஒரே மாவட்டத்தில், ஒரே நோக்கத்திற்காக, ஓரிடத்தில் பயன்படுத்துவோர் பணம் கொடுத்தனர். மற்றோரிடத்தில் பணம் பெற்றனர். நடைமுறையை மட்டும் நோக்கினால் இவை ஒன்றுக்கொன்று முரணானவை. காரணத்தை நோக்கினால் முரண் இல்லை. நெருக்கமான நகர்ப் பகுதியில் பராமரிப்புச் செலவே சிக்கல். அதனால் கட்டணம் தீர்வாயிற்று. ஆற்றங்கரை ஊரில் பழக்கமில்லாத புதிய முறைக்கு மக்களை ஈர்ப்பதும் உரமாகும் பொருளைத் திரட்டுவதுமே சிக்கல். அதனால் ஊக்கத்தொகை தீர்வாயிற்று.

தோல்வி நேர்வுகளின் இன்றியமையாமை

வெற்றி பெற்ற நிறுவனங்களை மட்டும் ஆராய்வதால் ஒரு பெருங்குறை நேர்கிறது. வெற்றி பெற்றோரிடம் காணப்படும் அதே நடைமுறை தோல்வியுற்றோரிடமும் இருந்திருக்கக் கூடும். அவர்களை எவரும் ஆராயாமையால் அது தெரிவதில்லை. இக்குறையைப் போக்கத் தோல்வி நேர்வுகள் வேண்டும். நடுவண் அரசு 1986-இல் தொடங்கிய ஊரகத் துப்புரவுத் திட்டம் இதற்குத் தக்க சான்று. மானியம் கொடுத்துக் கழிப்பறை கட்டுவதையே அது முதன்மையாகக் கொண்டது. கட்டப்பெற்ற கழிப்பறைகளின் எண்ணிக்கை கணக்கில் ஏறியது, பயன்பாடு ஏறவில்லை. பல இடங்களில் அவை விறகும் வைக்கோலும் அடுக்கும் அறைகளாயின. எனவே 1999-இல் மக்களின் தேவையுணர்வை முன்னிறுத்தும் முழுத் துப்புரவு இயக்கமாக அது மாற்றியமைக்கப்பெற்றது. அதன் பின்னரும், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஊரகக் குடும்பங்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர்க்கே வீட்டில் கழிப்பறை இருந்தது. கட்டடத்தை அளப்பது எளிது. பழக்கத்தை அளப்பது கடினம். எளிதில் அளக்கக் கூடியதை வெற்றியாகக் கொள்ளும் நேர்வாய்வு கற்பவரைத் தவறான வழியில் செலுத்தும்.

பொருத்தப்பாட்டை ஆராயும் நான்கு வினாக்கள்

திருக்குறள் பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து வைக்கப்பெற்றுள்ளன. செயலை ஆராய்தல், வலிமையை ஆராய்தல், காலத்தை ஆராய்தல், இடத்தை ஆராய்தல் என்னும் இவ்வரிசை, பிறர் நடைமுறையைக் கற்போர் எழுப்ப வேண்டிய வினாக்களுக்குச் சட்டகமாக அமைகிறது.

1. செயல்: இந்நடைமுறை எந்தச் சிக்கலைத் தீர்த்தது? அதே சிக்கல்தான் இங்கும் உள்ளதா?

2. வலி: அதனைத் தாங்கி நின்ற பிற உறுப்புகள் யாவை? பணியாளர், நிதி, தகவல் ஆகியவற்றில் எவை இங்கு உள்ளன, எவை இல்லை?

3. காலம்: மூலநிறுவனம் அந்நிலையை எட்ட எவ்வளவு காலம் கொண்டது? அது இன்றும் அந்நடைமுறையைப் பின்பற்றுகிறதா, கடந்து சென்றுவிட்டதா?

4. இடம்: நிலம், நீர், மக்கள் நெருக்கம், வழக்காறு ஆகியவை எந்த அளவில் வேறுபடுகின்றன?

மருங்காபுரியை முன்வைத்து

இவ்வினாக்களை மருங்காபுரி வட்டாரத்திற்குப் பொருத்திப் பார்க்கையில் மூன்று நேர்வுகளும் மூன்று வகையான விடைகளைத் தருகின்றன.

துப்புரவில் இடம் பற்றிய வினா முதன்மை பெறுகிறது. கல்மந்தையின் கட்டண முறைக்கு மக்கள் நெருக்கம் நிபந்தனையாகும். சிதறி வாழும் சிற்றூர்களில் வசூலாகும் தொகை பராமரிப்பிற்குப் போதாது. முசிறியின் முறைக்கு உயர்ந்த நீர்மட்டம் காரணம். மேட்டு நிலத்தில் அக்காரணம் இல்லை. நீர்ப்பற்றாக்குறையே இங்குள்ள சிக்கல். எனவே, நீரைச் சிக்கனப்படுத்தும் தன்மைக்காகச் சூழல்சார் கழிப்பறை ஆராயப்படலாம். நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள இடங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறையே எளிதாகவும் அமையலாம். இரண்டு நகர்களிலிருந்தும் மருங்காபுரி எடுத்துக்கொள்ளத்தக்கது கழிப்பறையின் வடிவமன்று. பராமரிப்போரும் பயன்படுத்துவோரும் ஒருவராக இருத்தல் என்னும் நெறியேயாகும்.

கண் மருத்துவத்தில் காலம் பற்றிய வினா முதன்மை பெறுகிறது. ஆண்டிற்கொரு முகாம் என்னும் பழைய வடிவத்தைவிட, நடந்தோ பேருந்திலோ எளிதில் சென்றடையும் தொலைவில் நிலையான மையம் என்னும் பிந்தைய வடிவமே இத்தகைய வட்டாரத்திற்கு ஏற்றது. கூலி வேலைக்குச் செல்லும் முதியவர் ஒருவர் முகாம் நாளன்று வர இயலாது போனால் அடுத்த முகாம் வரை மங்கிய பார்வையுடன் காத்திருக்க நேரும்.

மருந்து வழங்கலில் வலி பற்றிய வினா முதன்மை பெறுகிறது. கணக்குப் புத்தக முறை மாநிலம் முழுமைக்கும் உரியதாகையால் இங்கு அதனைப் புதிதாகக் கொணர வேண்டுவதில்லை. அதன் பயனோ, நிலையத்தின் மருந்தாளுநர் உள்ளூர் நோய்ப்போக்கை அறிந்து உரிய காலத்தில் கேட்டுப் பெறுவதைப் பொறுத்தது. கேட்கும் திறன் குன்றினால், கேட்டுப் பெறும் முறை மீண்டும் அனுப்பப்படும் முறையாகச் சுருங்கிவிடும். எனவே, நடைமுறை பரவிய பின்னரும் அதனை இயக்குவோரின் பயிற்சி தொடர வேண்டும்.

முடிவுரை

மூன்று நேர்வுகளையும் ஒப்பிடுகையில் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. நேர்வாய்வுகளிலிருந்து கற்கத்தக்கது நடைமுறையின் வடிவமன்று. அது செயற்படும் பொறிமுறை. தொழில் நிறுவனமாயினும் அரசு அமைப்பாயினும், பயன்படுவோரின் தேவையும் நிறைவின்மையும் தகவலாக மாறி முடிவெடுப்போரைச் சென்றடையும் வழி இருக்குமிடத்தில் நடைமுறைகள் நிலைக்கின்றன. தன் குறையை அளந்து வெளியிடும் நிறுவனமே பிறருக்குச் சிறந்த ஆசானாகிறது.

தமிழில் எழுதப்பெறும் நேர்வாய்வுகள் வெற்றியின் வரலாற்றோடு அதன் நிபந்தனைகளையும், நடைமுறை பயனற்றுப்போன இடங்களையும் பதிவு செய்தல் வேண்டும். மருங்காபுரி போன்ற வட்டாரங்கள் பெரும்பாலும் பிற இடங்களில் கற்ற பாடங்கள் செயற்படுத்தப்படும் களங்களாகவே கருதப்படுகின்றன. அங்கு என்ன நிகழ்ந்தது, எது மாற்றியமைக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பவை முறையாக ஆராயப்பெற்றால், அவ்வட்டாரங்களே பிறர் கற்கத்தக்க நேர்வுகளாகும். ஊராட்சி ஒன்றிய அளவில் இத்தகைய ஆய்வுகளை மேற்கொள்வது ஆய்வாளர்க்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் உரிய கடமையாகும்.